பேராயரின் ஆட்கள்

அலமாரியில் பாஸ்போர்ட் இல்லை. மெத்தைக்கு அடியிலும் இல்லை. சீதாராமன் கட்டிலுக்குக் கீழே கிடந்த அப்பாவின் பழுப்புநிறப் பெட்டியை இழுத்து வெளியே போட்டு, அதன் முன் மண்டியிட்டு உட்கார்ந்தான். கீழே துபாய் கராமா தெருவில் கௌஸ் முகம்மது வண்டியை அணைக்காமல் காத்திருந்தார். கம்பெனி டிரைவர், கீழக்கரைக்காரர். இருபத்திரண்டு வருஷத்தில் எத்தனையோ பேரை ஏர்போர்ட்டுக்கும் ஆஸ்பத்திரிக்கும் பிணவறைக்கும் கொண்டுபோய்ச் சேர்த்தவர். "பாஸ்போர்ட் ஒரிஜினல் இல்லாம ஒரு ஆபீஸ்லயும் சீல் விழாது சார்" என்று காலையிலேயே சொல்லிவிட்டார்.

அப்பா அனந்தகிருஷ்ணன் நேற்று, வெள்ளிக்கிழமை மத்தியானம், பஸ்ஸில் இறந்துபோனார். சோனாப்பூர் தொழிலாளர் கேம்ப்பிலிருந்து வீட்டுக்குத் திரும்பிக்கொண்டிருந்தார். கடைசி ஸ்டாப்பில் எல்லாரும் இறங்கிய பிறகும் ஜன்னலோரம் ஒரு பெரியவர் தூங்குவதைப் பார்த்து, டிரைவர் தோளைத் தொட்டு எழுப்பியிருக்கிறார். சட்டைப் பையில் இருந்த செல்போனில் 'வீடு' என்ற நம்பரைத் தேடி யாரோ அழைத்தார்கள். அவன் மனைவி நீலாதான் எடுத்தாள்.

அவள் இப்போது அறை வாசலில் வந்து நின்றாள்.

"கிடைச்சுதா?"

"இல்ல."

"நேத்து கிளம்பறப்ப உங்ககிட்ட கார்ல விடச் சொல்லிக் கேட்டாரா?"

சீதாராமன் பெட்டியின் பூட்டைத் திறந்துகொண்டே, "கேட்டார்" என்றான்.

"என்ன சொன்னீங்க?"

"தூக்கம் வருதுன்னேன்."

நீலா சமையலறைக்குப் போய்விட்டாள். குழாய் திறக்கும் சத்தம் கேட்டது.

பெட்டி நிறைய காகிதம். ஒரு வேட்டி, அம்மாவின் படம், மீதியெல்லாம் காகிதம்தான். அப்பா திருச்சியில் ஒரு கல்லூரியில் முப்பத்தோரு வருஷம் சரித்திரம் நடத்தியவர். ஓய்வு பெற்ற பிறகு ஒரு புத்தகம் எழுதத் தொடங்கினார். இங்கிலாந்தில் யார்க் நகரத்துப் பேராயராக இருந்த ரிச்சர்ட் ஸ்க்ரோப்பைப் பற்றியது. அம்மா போன பிறகு, எட்டு மாதத்துக்கு முன் மகனோடு துபாய் வந்தபோதும் அதைத்தான் தூக்கிக்கொண்டு வந்தார். புதுக் காகிதம் வாங்க மாட்டார். சீதாராமன் வீட்டு பிரிண்டரில் எடுத்து வேண்டாமென்று தட்டில் போடும் தாள்களின் பின்பக்கம்தான் அவருக்கு எழுதும் இடம். ஒவ்வொரு தாளின் மூலையிலும் தேதி போட்டுத்தான் ஆரம்பிப்பார். அது வாத்தியார் பழக்கம்.

அந்தப் பேராயரின் கதை சீதாராமனுக்குப் பள்ளிக்கூடம் போகிற வயதிலேயே மனப்பாடம். 1405-ஆம் வருஷம். நாலாம் ஹென்றி ராஜா. வரிச்சுமை, அநீதி என்று மக்களின் குறைகளையெல்லாம் எழுதி யார்க் நகரத்துக் கோயில் கதவுகளில் ஒட்டச் செய்தார் பேராயர். ஆயிரக்கணக்கானவர்கள் அவர் பின்னால் திரண்டு ஊருக்கு வெளியே ஒரு பொட்டலில் முகாமிட்டார்கள். ராஜாவின் ஆள் வெஸ்ட்மோர்லாண்ட் பிரபு சின்னப் படையோடு வந்தான். சண்டை போட்டால் தோற்பான். அதனால் சமாதானம் பேசினான். நீங்கள் கேட்டதெல்லாம் நியாயம்தான், ராஜாவிடம் நான் சொல்கிறேன் என்று கைகொடுத்தான். இரண்டு படையும் பார்க்க, வெட்டவெளியில் இருவரும் ஒன்றாக மது அருந்தினார்கள். 'சமாதானம் ஆகிவிட்டது, உங்கள் ஆட்கள் வீட்டுக்குப் போகலாமே' என்றான் பிரபு. பேராயர் சொல்லியனுப்பினார். கூட்டம் கலைந்தது. கலைந்து முடிந்ததும் பேராயரைப் பிடித்துக் கட்டினார்கள். சில நாளில் தலையை வெட்டினார்கள்.

இதில் யார் குற்றவாளி என்று ஒவ்வொரு வருஷமும் அப்பா வகுப்பில் கேட்பாராம். பையன்கள் எல்லாரும் பிரபு என்பார்கள். அப்பா ஒப்புக்கொள்ள மாட்டார். "பிரபு ராஜாவோட ஆள். அவன் வேலையை அவன் செஞ்சான். ஆனா அந்த ஜனங்க பிரபு சொல்லிக் கலையலை. ஆர்ச்பிஷப் சொல்லிக் கலைஞ்சாங்க. நம்பறவனுக்குப் பின்னாடி நாலு பேர் நிக்கறப்ப, ஏமாந்துட்டேன்னு சொல்ல அவனுக்கு உரிமை கிடையாது" என்பார்.

சீதாராமன் தாள்களைக் கட்டுக்கட்டாக வெளியே எடுத்து வைத்தான். ஒரு கட்டின் நடுவில் பாஸ்போர்ட் செருகியிருந்தது. அதை உருவியபோது ஒரு தாள் கூடவே வந்து விழுந்தது.

பன்னிரண்டு பெயர்கள். முதல் பெயர் சோலையப்பன். பெயருக்கு நேராக பாஸ்போர்ட் எண், விசா எண், ஆங்கிலத்தில் 'ரத்து' என்ற சொல். கீழே பிரிண்டரே போட்ட தேதி, ஜூலை 3, 2006. சீதாராமனே தட்டியதுதான். மார்ஜின் சரியாக வரவில்லையென்று தட்டில் போட்டுவிட்டு இன்னொன்று எடுத்தான்.

தாளைத் திருப்பினான். பின்பக்கம் அப்பாவின் கையெழுத்தில் பன்னிரண்டு ஊர்கள், தெருப் பெயர், கதவு எண், பின்கோடு. நாலு பெயர்களுக்கு எதிரே 'பதில் வந்தது' என்று சின்ன எழுத்தில். மூலையில் தேதி: ஜூலை 7.

சீதாராமன் அந்தத் தேதியையே பார்த்துக்கொண்டிருந்தான். கீழிருந்து கௌஸ் முகம்மது ஒரு தடவை மெதுவாக ஹாரன் அடித்தார்.

*

சீதாராமன் ஒரு கட்டுமானக் கம்பெனியில் பணியாளர் நிர்வாக மேலாளர். ஜூலை, ஆகஸ்டில் மத்தியானம் பன்னிரண்டரையிலிருந்து மூணு வரை வெயிலில் வேலை வாங்கக் கூடாது என்பது சட்டம். கம்பெனி அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. ஜூலை இரண்டாம் தேதி, கான்கிரீட் போட்டுக்கொண்டிருந்த இடத்தில் ஒரே மத்தியானம் மூன்று பேர் சுருண்டு விழுந்தார்கள். ஒருவனுக்குக் கடைசிவரை நினைவு திரும்பவில்லை. அன்று சாயங்காலமே சோனாப்பூர் கேம்ப்பில் அறுநூறு பேர் இனி வேலைக்குப் பஸ் ஏறுவதில்லை என்று முற்றத்தில் உட்கார்ந்துவிட்டார்கள். முன்னால் நின்றவன் புதுக்கோட்டைப் பக்கத்துச் சோலையப்பன், கம்பி கட்டுகிறவன்.

மறுநாள் ஜெனரல் மேனேஜர் பெயர்ப் பட்டியல் கேட்டார். சீதாராமன் தட்டிக் கொடுத்தான். ஆனால் அறுநூறு பேர் சேர்ந்து உட்கார்ந்திருக்கும்போது பன்னிரண்டு பேரை எப்படிக் கிளப்புவது என்று எல்லாரும் யோசித்துக்கொண்டிருந்தபோது, யாரும் கேட்காமலே அவன் வாயைத் திறந்தான்.

"எங்கப்பா சொன்னா கேட்பாங்க சார்."

அது உண்மைதான். பர்துபாய் கோயிலில் பழக்கமாகி, கேம்ப்பில் பாதிப் பேருக்கு அப்பாதான் கடிதம் எழுதிக் கொடுப்பார், லீவு விண்ணப்பம் எழுதிக் கொடுப்பார். மகன் வேலை பார்க்கும் கம்பெனியின் கூலியாட்களோடு அப்பா மணலில் உட்கார்ந்து டீ குடிப்பது அதுவரை சீதாராமனுக்குக் கௌரவக் குறைச்சலாக இருந்தது. அன்றைக்குத்தான் உபயோகமாகத் தெரிந்தது.

புதன்கிழமை மத்தியானம் வீட்டுக்கு வந்து அப்பாவிடம் கேட்டான். அப்பா எழுதிக்கொண்டிருந்த பேனாவை மூடினார்.

"கம்பெனி நெஜமாவே ஒத்துக்குதா?"

"ஒத்துக்குதுப்பா. மத்தியான ரெஸ்ட், சைட்ல ஐஸ் தண்ணி, ரூம்ல ஏசி. எல்லாம்."

"முன்னாடி நின்ன பசங்க மேல கை வைக்க மாட்டாங்களே?"

"மாட்டாங்கப்பா."

அப்பா சட்டையை மாற்றிக்கொண்டு வந்தார்.

அன்று சாயங்காலம் கேம்ப் முற்றத்தில், தண்ணீர்த் தொட்டித் திண்டின் மேல் ஏறி நின்று பத்து நிமிஷம் பேசினார். கூட்டத்தில் ஒருவன், "எழுத்துல குடுப்பாகளா அய்யா?" என்று கத்தினான். "எழுத்து வேண்டாம். நான் பொறுப்பு" என்றார் அப்பா. பிறகு ஜெனரல் மேனேஜர் காரைவிட்டு இறங்கி வந்தார். காகிதக் கப்பில் டீ கொண்டுவரச் சொன்னார். எல்லாரும் பார்க்க அப்பாவும் அவரும் நின்றுகொண்டே டீ குடித்தார்கள். யாரோ கைதட்டினார்கள். கூட்டம் எழுந்து அறைகளுக்குப் போனது. அறுநூறு ஜோடிச் செருப்பு சிமெண்டில் இழுபடும் சத்தம் அடங்க ரொம்ப நேரமாயிற்று.

விடிவதற்குள் பன்னிரண்டு பேரையும் தனித்தனி அறைகளிலிருந்து எழுப்பிப் பையைக் கட்டச் சொல்லி ஏர்போர்ட்டுக்கு அனுப்பியாயிற்று. பஸ் ஓட்டியவர் கௌஸ் முகம்மது. செவ்வாய்க்கிழமையே அவரிடம் 'வியாழன் காலை நாலரைக்கு வண்டி வேணும்' என்று சொல்லி வைத்தவன் சீதாராமன்.

அன்று அவன் வீடு திரும்பியபோது அப்பா ஹாலில் விளக்குப் போடாமல் உட்கார்ந்திருந்தார்.

"கேம்ப்லேர்ந்து வீரபாண்டி போன் பண்ணான்" என்றார். பிறகு, "உனக்கு முன்னாடியே தெரியுமா?"

"தெரியாதுப்பா. மேலிடத்துல முடிவு பண்ணிட்டாங்க. காலைலதான் எனக்கே சொன்னாங்க."

அப்பா அவன் முகத்தைப் பார்த்தார்.

"அறுநூறு வருஷமா எழுதி வெச்சிருக்கற விஷயம். முப்பத்தோரு வருஷம் பாடம் நடத்தியிருக்கேன். அந்த டீயக் கையில வாங்கறப்ப ஞாபகம் வரலையேடா."

"அப்பா, நீங்க ஏன்..."

"சரி" என்றார் அப்பா. "போய்க் கை கால் கழுவிட்டு வா."

அந்தச் 'சரி' அவனுக்கு எவ்வளவு பெரிய ஆறுதலாக இருந்தது! அன்றிரவு நன்றாகத் தூங்கினான்.

அப்பா அதன்பிறகு அதைப் பற்றிப் பேசவேயில்லை. கோபமாகவும் இல்லை. அதுதான் விநோதம். மகனிடம் மரியாதையாகப் பழக ஆரம்பித்தார். சாப்பிடும்போது "அந்த உப்பைக் கொஞ்சம் எடுத்துத் தர முடியுமா?" என்று கேட்பார். டீவி போடுவதற்கு முன், "உனக்குத் தொந்தரவு இல்லையே?" என்பார். வாடகைக்கு இருப்பவர் வீட்டுக்காரரிடம் பேசுகிற மாதிரி இருக்கும். வயதானால் இப்படித்தான் ஆகிவிடுகிறார்கள் என்று சீதாராமன் நீலாவிடம் சொன்னான். வெள்ளிக்கிழமை தவறாமல் இரண்டு பஸ் மாறி சோனாப்பூருக்குப் போய் வந்தார். அங்கே உங்களுக்கு இனிமேல் என்னப்பா வேலை என்று ஒருமுறை கேட்டதற்கு, "எழுதற வேலை கொஞ்சம் இருக்கு" என்றார்.

ஜூலை ஏழு. அவன் பொய் சொன்ன மறுநாளே அந்தத் தாள் அப்பாவின் கையில் இருந்திருக்கிறது. நாற்பத்திரண்டு நாள் அவன் எதிரே உட்கார்ந்து மோர் சாதம் சாப்பிட்டிருக்கிறார்.

சீதாராமன் தாளை இருந்த கட்டிலேயே செருகி, பெட்டியைப் பூட்டினான். பாஸ்போர்ட்டை எடுத்துக்கொண்டு எழுந்தான்.

"கிடைச்சிடுச்சு" என்றான் சமையலறையைப் பார்த்து.

*

ஆஸ்பத்திரி, போலீஸ், கான்சலேட், மறுபடி ஆஸ்பத்திரி என்று இரண்டு நாள் அலைந்ததில், திங்கட்கிழமை மத்தியானம்தான் தகனத்துக்கு நேரம் கிடைத்தது. ஜெபல் அலி தாண்டி, நாலு பக்கமும் மணல், நடுவே ஒரு மதில், உள்ளே ஒரு தகரக் கொட்டகை. கம்பெனியிலிருந்து ஒரு மலர்வளையம் வந்திருந்தது. அடுக்குமாடியிலிருந்து நாலு பேர், நீலாவின் தோழிகள் இரண்டு பேர். அவ்வளவுதான். அப்பா இந்த ஊரில் யாரையும் தெரியாத மனிதர் என்று நாலு பேரில் ஒருவர் இன்னொருவரிடம் சொன்னார்.

பன்னிரண்டே முக்காலுக்கு ஒரு பிக்கப் வந்து நின்றது. பின்னாலிருந்து ஒருவர்பின் ஒருவராகக் குதித்தார்கள். நீலநிற கவரால் உடுப்பு, சேஃப்டி ஷூ, முகத்தைச் சுற்றிய துண்டு. பத்துப் பதினைந்து பேர். மதிலோரம் வரிசையாக ஷூவைக் கழற்றி வைத்துவிட்டு, சுடுமணலில் வெறுங்காலோடு விறுவிறுவென்று நடந்து வந்தார்கள். முன்னால் வந்த வீரபாண்டி காளையார்கோவில்காரன், ஷட்டரிங் தச்சன். துண்டை அவிழ்த்து இடுப்பில் கட்டிக்கொண்டு சீதாராமனுக்கு முன் வந்து நின்றான்.

"மத்தியான ரெஸ்ட்டு இருக்குல்ல சார். மூணு மணிக்குள்ள சைட்டுக்குத் திரும்பணும். அதான் உடுப்ப மாத்தாம அப்புடியே வந்துட்டோம்."

சீதாராமன் தலையாட்டினான். அவர்கள் கேட்டது மூன்று. ஐஸ் தண்ணீர் வரவில்லை, ஏசி வரவில்லை. மத்தியான ரெஸ்ட் ஒன்றுதான் கிடைத்தது.

தூக்க ஆள் போதாது என்று கௌஸ் முகம்மது கவலைப்பட்டுக்கொண்டிருந்தார். கவலைக்கு வேலையில்லாமல் போயிற்று. அப்பாவை அவர்கள் தூக்கியபோது பாரம் தூக்கிப் பழகிய தோள்களில் பாடை ஆடாமல் அசையாமல் போனது. சீதாராமன் சட்டையைக் கழற்றி, சொல்லிக்கொடுத்த மாதிரியெல்லாம் செய்தான். வாய்க்கரிசி போடும்போது வீரபாண்டி தள்ளி நின்றான். "நீயும் போடு" என்று நீலாதான் கூப்பிட்டாள். அதன்பிறகு அத்தனை பேரும் வரிசையில் வந்து போட்டார்கள். ஒருவன் தேம்பித் தேம்பி அழுதான். சீதாராமனுக்கு அழுகை வரவில்லை. கற்பூரம் கையைச் சுட்டபோதுதான் அதை நெஞ்சில் வைக்க வேண்டுமென்பதே ஞாபகம் வந்தது.

எல்லாம் முடிந்து கொட்டகைக்கு வெளியே வந்து நின்றபோது வீரபாண்டி அருகில் வந்தான்.

"பஸ் ஏத்தி விட்டது நாந்தான் சார். சன்னலோரம் உக்காத்தி வச்சு, தண்ணி பாட்டிலக் கையில குடுத்துட்டு எறங்குனேன். மூஞ்சி ஒரு மாதிரியா இருந்துச்சு. வெயில்னு நெனச்சுட்டேன்."

"நீ என்ன பண்ணுவ."

"கடுதாசி எழுதி முடிச்சாகன்னா எங்களுக்கு அந்த பிஷப்பு கதையச் சொல்லுவாக. ராசாவ எதுத்து நின்ன சாமியாரு. சாகுறப்ப அந்தச் சனங்களப் பத்தி என்ன நெனச்சிருப்பாரு அய்யான்னு கேட்டேன். அத ஒருத்தரும் எழுதி வைக்கலப்பான்னு சொல்லிட்டாக."

கௌஸ் முகம்மது சற்றுத் தள்ளி, வண்டிக் கதவில் சாய்ந்து நின்றுகொண்டிருந்தார்.

வீரபாண்டி குரலைத் தாழ்த்தினான். "ஒண்ணு சொல்லணும் சார். அந்தப் பன்னெண்டு பேரக் கொண்டு போனப்ப உங்க மேல எங்களுக்குக் கொலவெறி. நீங்கதான் அய்யாவக் கூட்டியாந்து ஏமாத்திப்புட்டீகன்னு. மறுநா வெள்ளிக்கிழம அய்யா தனியா வந்தாக. நாங்க மூஞ்சி குடுத்துப் பேசல. அய்யா முத்தத்துல நின்னுக்கிட்டு, 'என் மேல கோவப்படுங்க, நாயம். என் மகன் மேல படாதீங்க. அவனையும் சேத்துத்தான் ஏமாத்திட்டாங்க. அவன் எங்கிட்டப் பொய் சொல்ல மாட்டான்'னு சொன்னாக. கும்பிட்டுக்கிட்டே சொன்னாக சார்."

மறுநாள் வெள்ளிக்கிழமை என்றால் ஜூலை ஏழு. சீதாராமன் கொட்டகையின் தகரக் கூரையைப் பார்த்தான். மேலே வெயிலில் காற்று நடுங்கிக்கொண்டிருந்தது.

"வீரபாண்டி" என்றான்.

"சொல்லுங்க சார்."

அப்போது வீரபாண்டியின் பையில் போன் அடித்தது. தூசி படாமல் பிளாஸ்டிக் உறை போட்ட பழைய நோக்கியா. எடுத்துக் காதில் வைத்தான். "ஆச்சுடா... இப்பத்தான்... இங்கனதான் நிக்கிறாரு, இரு குடுக்குறேன்." போனை நீட்டினான். "சோலையப்பன் சார். ஊர்லருந்து. காலைலேர்ந்து நாலு தரம் அடிச்சுட்டான், உங்ககிட்ட ஒரு வார்த்த பேசணுமாம்."

சீதாராமன் வாங்கிக் காதில் வைத்தான். அந்தப் பக்கம் எங்கோ ஒரு பஸ் கிளம்பும் சத்தம், அதை மீறிக் கத்தும் குரல்.

"சார்... சார், அய்யா போயிட்டாராம்ல. எனக்கு மூணு கடுதாசி போட்டாரு சார். எல்லாத்துலயும் மன்னிச்சுக்கன்னு எழுதுவாரு. அவரு எதுக்கு சார் எங்கிட்ட மன்னிப்புக் கேக்கணும்? பதிலு எழுதுனேன், நீங்க அப்படி எழுதாதிய அய்யான்னு. உங்கள நெனச்சாலும் பாவமா இருக்கு சார். பெத்த அப்பன் முன்னாடி உங்களயும் தலகுனிய வச்சுட்டானுவ. உங்ககிட்ட ஒரு வார்த்த சொல்லாமத்தான செஞ்சானுவ? அய்யா எழுதியிருந்தாரு."

கௌஸ் முகம்மது நிமிர்ந்து நின்று, சீதாராமனையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"சார், கேக்குதா? லைனு இருக்கா சார்?"

"ஆமா" என்றான் சீதாராமன்.

எந்தக் கேள்விக்கான பதில் அது என்று சோலையப்பன் கேட்கவில்லை. "அழுவாதிய சார்" என்றான். "தைரியமா இருங்க."

போனைத் திருப்பிக் கொடுத்தான். கௌஸ் முகம்மது வண்டிக்குள் ஏறி உட்கார்ந்து கதவைச் சாத்திக்கொண்டார்.

மணி இரண்டேகால். திரும்பிப் போகுமுன் கால் கழுவ வேண்டும். மதிலோரம் ஒரு குழாய் இருந்தது. சீதாராமன் போய்க் குனிந்து அதைத் திறக்கக் கையை நீட்டினான்.

"சார், சார், தொடாதீக!" வீரபாண்டி ஓடி வந்தான். "தொட்டி வெயில்ல கெடக்கு. கால் கொப்புளிச்சுப் போகும்."

துண்டைக் கையில் சுற்றிக்கொண்டு அவனே திறந்தான். ஆவி பறக்கத் தண்ணீர் மணலில் விழுந்தது. மற்றவர்களும் வந்து சுற்றி நின்றார்கள். மூன்று மணிக்குள் சைட்டுக்குத் திரும்ப வேண்டியவர்கள். ஒருவரும் அவசரப்படுத்தவில்லை. மணல் குடித்துக் குடித்துக் கறுத்துக்கொண்டே போனது. வீரபாண்டி புறங்கையைத் தண்ணீரில் நீட்டிப் பார்ப்பான், உதறுவான், மறுபடி நீட்டுவான். கடைசியில் கையை அப்படியே வைத்துக்கொண்டு நிமிர்ந்தான்.

"இப்ப வாங்க சார். ஆறிருச்சு. நீங்க மொதல்ல கழுவுங்க."

எல்லாரும் விலகி வழிவிட்டார்கள். சீதாராமன் நின்ற இடத்திலேயே நின்றான். தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது.

"வாங்க சார்" என்றான் வீரபாண்டி மறுபடியும்.